உப்பும் வெயிலும்

புத்தளத்திலிருந்து பாலாவி நோக்கிச் செல்லும் பெருந்தெருவிற் பயணஞ் செய்வோர், கடல்நீரேரியின் ஓரமாக விரிந்து கிடக்கும் உப்பளப் பாத்திகளைக் காணாது செல்லுதல் இயலாது. வடமேற்குக் கரையின் இப்பகுதியில் மழை குறைவு, காற்று அதிகம், ஏரி நீரோ கடல் நீரினும் கரிப்பு மிக்கது. இம்மூன்றையும் மூலதனமாகக் கொண்டு அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவித்து வருகின்றனர். நெல் விளையும் ஊர்களில் மழை வேண்டிப் பிரார்த்தனை நடைபெறும். இங்கு உப்பு வாரும் காலத்தில் ஒரு மழை பெய்துவிட்டாற் பல குடும்பங்களில் அடுப்பெரியாது. அம்மக்களுக்கு வெயிலே உழவன், வெயிலே முதலாளி.

உப்பு விளைவித்தல் வெறுமனே நீரை வற்றவிடும் காரியமென்று கருதுவோர் உளர். அஃது அவ்வளவு எளிதன்று. ஏரி நீர் முதலில் அகன்ற தேக்கங்களில் நின்று செறிவடைதல் வேண்டும். அவ்வாறு செறிவடையும்போது முதலிற் பிரிந்து படிவது உப்பன்று, சுண்ணாம்பே. கல்சியம் சேர்ந்த காபனேற்று முதலாவதாகவும், ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற்று அதன் பின்னரும் அடியில் தங்கிவிடும். போமே மானியில் நீரின் செறிவு ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போதுதான் கறியுப்புப் படிகமாகத் தொடங்கும். 30 பாகையை அண்மிவிட்டால் மகனீசிய உப்புக்களும் சேர்ந்து கசப்பேற்றிவிடும். ஆதலால் எஞ்சிய நீரை உரிய வேளையில் வெளியேற்றுதல் வேண்டும். எது எப்பொழுது படியும், எதனை எப்பொழுது போகவிட வேண்டும் என்னும் கணக்கே உப்பளக் கலையின் சாரம் எனலாம்.

இக்கணக்கை முப்பது ஆண்டுகளாகத் தவறாது பார்த்து வந்த கணக்கப்பிள்ளை ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. ஏரிக்கரைச் சிற்றூரொன்றைச் சேர்ந்த இஸ்லாமியக் குடும்பத்தவர். சுபஹுத் தொழுகை முடிந்ததும் மானியுடன் பாத்தி வரம்பில் நடக்கத் தொடங்கினால் லுஹர் வரை வெயிலிலேயே நிற்பவர். குடையைப் பெண்பிள்ளைகளின் பொருளென்று எள்ளி நகைத்தவர். வாழ்வில் அவர் பெருமையாகக் கருதியவை இரண்டு: உப்பு எண்ணிக்கையில் ஒரு மூடையேனும் பிசகியதில்லை என்பது ஒன்று, மதுவைத் தொட்டதில்லை என்பது மற்றொன்று.

2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் மெலியத் தொடங்கினார். மாலை வேளையில் இலேசான காய்ச்சல், உணவில் விருப்பின்மை, உடலெங்கும் தினவு, வலது விலாவின் கீழே கல்லொன்றை வைத்தாற் போன்ற பாரம். தாகம் மட்டும் தணியவில்லை. இரவில் நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்க நேர்ந்தது. உப்பளத்தில் வேலை செய்பவனுக்குத் தாகம் புதிதன்றென அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. தனியார் மருந்தகமொன்றிற் களைப்பு நீங்குவதற்கென்று கல்சியமும் விற்றமின் டீயும் சேர்ந்த குளிசைகள் கொடுத்தனர். அவற்றை உட்கொண்ட பின்னர் வயிற்றுவலியும் மலச்சிக்கலும் மனக்குழப்பமும் சேர்ந்துகொண்டனவேயன்றிக் களைப்பு நீங்கியபாடில்லை. காரணம் அப்பொழுது எவருக்கும் புலப்படவில்லை.

அடுத்து எடுத்த ஸ்கான் படம் ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருப்பதையும், வயிற்றினுள் நிணநீர்க் கணுக்கள் பருத்திருப்பதையும் காட்டிற்று. "ஈரல் வீக்கம்" என்ற சொல் வைத்தியரின் மேசையிலிருந்து ஊரின் தேநீர்க் கடைக்கு வந்து சேர ஒரு நாள் போதுமானதாயிருந்தது. அக்கரையோரத்தில் ஈரல் கெட்டவன் என்றால் குடித்துக் கெட்டவன் என்பதே பொருள். கசிப்பு எத்தனையோ வீடுகளை விழுங்கியதைக் கண்டவர்கள் வேறெவ்வாறு நினைப்பர்? பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கும் மனிதர் மறைவிற் குடித்து வந்தார் என்ற பேச்சு எழுந்தது. மூத்த மகளுக்குப் பேசி முடிவாகவிருந்த சம்பந்தம் "கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்பம்" என்ற வார்த்தையோடு நின்று போயிற்று. வலியைப் பொறுத்தவர் அவ்வார்த்தையைப் பொறுக்கவில்லை. வைத்தியசாலையிற் புதிய வைத்தியர் எவரைக் கண்டாலும், அவர் வினவுமுன்னரே, "நான் வாயில வெச்சதில்ல ஐயா" என்று தொடங்குவது அவருக்கு வழக்கமாயிற்று.

வைத்தியர்கள் ஐயுற்றது மதுவையன்று, காசநோயையே. ஈரலிலிருந்து ஊசி மூலம் எடுத்த சிறு துணுக்கை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, அங்கங்கே கலங்கள் உருண்டு திரண்டு சிறு மணிகளாகக் காணப்பட்டன. உடலின் காவற்கலங்கள், தம்மால் அழிக்க முடியாத பகையொன்றைச் சூழ்ந்து நின்று சிறைப்படுத்தும்போது இத்தகைய மணிகள் உண்டாகும். காசக்கிருமி புகுந்தவிடத்து எழும் மணிகளின் நடுப்பகுதி பெரும்பாலும் அழிந்து பாலாடைக்கட்டி போன்றாகிவிடும். இவருடைய மணிகளில் அவ்வழிவு இல்லை. ஆயினும் காசநோயிலும் சிலவேளை அழிவு காணப்படாதிருத்தல் உண்டு. காசநோய் பரவியுள்ள எம் போன்ற நாடுகளில் முதலில் அதனை நினைப்பதே முறை. எனவே 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதற்குரிய நான்கு மருந்துகளையும் ஆரம்பித்தனர். அவற்றுள் மூன்று ஈரலைத் தாக்கவல்லவை. இரண்டாம் மாதத்திற் கண்கள் மஞ்சளித்தன. மருந்து நிறுத்தப்பட்டது. ஊரிலோ, குடிகாரர் என்ற பெயரோடு சயரோகி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அவர் குடித்த கோப்பையைத் தேநீர்க் கடையில் தனியே வைத்தனர்.

உண்மையில் அவரைப் பீடித்திருந்தது சார்க்கொயிடோசிஸ் என்னும் நோய். மார்பினுள் இரு புறமும் சமச்சீராகப் பருத்திருந்த கணுக்கள், காசநோய்க்குரிய தோற் பரிசோதனையின் மறுப்பு, எங்கும் கிருமி அகப்படாமை, இரண்டாம் முறை எடுத்த துணுக்கு ஆகிய யாவும் அம்முடிவையே சுட்டின. அதனினும் தெளிவான சான்று குருதியில் இருந்தது. குருதிப் பாயத்தின் நூறு மில்லிலீற்றரில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருத்தற்குரிய கல்சியம், அவருக்கு 13ஐத் தாண்டியிருந்தது.

இந்நோயின் வரலாறு இலண்டன் மாநகரத்து நிலக்கரித் துறைமுகத் தொழிலாளி ஒருவரிடமிருந்து தொடங்குகின்றது. அவருடைய கைகால்களில் தோன்றிய ஊதா நிறத் தடிப்புக்களை ஜொனதன் ஹச்சின்சன் என்ற வைத்தியர் கண்டு, 1877இல் எழுதி வெளியிட்டார். அத்தொழிலாளி இறந்தது தோல் நோயாலன்று, சிறுநீரகம் கெட்டமையால். மிகைக் கல்சியமே அதனைக் கெடுத்திருக்கலாமென்று பிற்காலத்தார் கருதுகின்றனர். 1899இல் நோர்வே நாட்டவரான சீசர் பூக் இத்தடிப்புக்களுக்குத் "தசை போன்றது" என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். 1914இல் சுவீடன் தேசத்து ஷௌமன், இது தோலோடு நில்லாது உடலின் பல உறுப்புக்களிலும் பரவும் ஒரே நோயென்பதை உணர்த்தினார். நோயாளர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கேனும் சுவாசப்பையோ அதனை அடுத்த கணுக்களோ பாதிக்கப்படும். நுணுக்கமாகத் தேடினால் அரைப்பங்கினருக்கு மேற்பட்டோரின் ஈரலிலும் மணிகளைக் காணலாம். ஆனால் ஈரல் வாய்திறந்து முறையிடுவது சிலரிடத்தில் மாத்திரமே. பலருக்கு இரண்டொரு ஆண்டுகளில் மருந்தின்றியே நோய் தணிந்துவிடும். நமது கணக்கப்பிள்ளை அச்சிலருள் ஒருவராக அமைந்தாரேயன்றி அப்பலருள் ஒருவராக அமையவில்லை.

வைத்தியர் நோயின் பெயரைத் துண்டிலெழுதிக் கொடுத்தார். அதனை வீட்டில் உள்ளவர்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு, பல்கலைக்கழகத்திற் பயின்று கொண்டிருந்த இளைய மகளுக்கு வாய்த்தது. இங்கேதான் தமிழ் கற்றோர் சிந்திக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. 1847ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றுக்கும் இரண வைத்தியத்துக்கும் பிரசவ வைத்தியத்துக்கும் தமிழில் நூல் செய்வித்தார். அவர் 1873இல் தாயகம் திரும்பி நான்காண்டுகள் கழிந்த பின்னரே ஹச்சின்சனின் கட்டுரை வெளிவந்தது. கிறீனின் பணி தொடர்ந்திருப்பின் இந்நோய்க்கும் ஒரு தமிழ்ப் பெயர் கிடைத்திருக்கக்கூடும். பெயர் இல்லாமையால் விளைந்த இடர் சிறிதன்று. காசநோய்க்குப் பெயருண்டு, குடிக்குப் பெயருண்டு, ஊரார் தமக்குத் தெரிந்த பெயர்களையே நோயாளரின் நெற்றியில் எழுதினர். பெயரற்ற நோய் வேறொன்றன் பெயரைச் சுமந்தே திரிய வேண்டியதாயிற்று.

மகள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் முயன்றாள். இறுதியில் தாயிடம், "உம்மா, வாப்பாட ஒடம்புக்குள்ள காவக்காரங்க எல்லாம் கூடி நின்டு சுவர் கட்டிட்டாங்க. கள்ளன் ஆரென்டுதான் டொக்டர்மாருக்கும் தெரியா" என்றாள். தாய் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "கள்ளன் இல்லாத வீட்டுல சுவருக்குள்ள மாட்டிக்கிட்டது வீட்டுக்காரர்தானே புள்ள" என்றார். இந்நோயின் இயல்பை இதனினும் சுருக்கமாக உரைத்தல் அரிது. கிருமியோ தூசியோ எதுவோ ஒன்று, பிறவியிலேயே அதற்கு இணங்கிய உடலில் இவ்வெழுச்சியைத் தூண்டுகின்றது என்பதற்கு அப்பால், மூல காரணம் இன்றுவரை துணியப்படவில்லை. அம்மணிகள் ஈரலின் சிறு பித்தக் கால்வாய்களை நெருக்கும்; தினவு உண்டாகும். குருதி செல்லும் வழிகளை நெருக்கும், மண்ணீரல் வீங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மணிகள் இருந்த இடம் தழும்பாகி ஈரல் சுருங்குதலும் கூடும்.

வெயிலைப் பற்றிய விலக்கு அதன் பின்னரே வந்தது. சூரிய ஒளி தோலிற் படும்போது உடலில் விற்றமின் டீ உண்டாகும். அதனைச் செயற்படு வடிவமாக்கும் பணி சிறுநீரகத்தினுடையது. சிறுநீரகம் தேவைக்கு மேல் ஆக்காது. ஆனால் சார்க்கொயிட் மணிகளில் உள்ள கலங்களும் அப்பணியைத் தாமாகவே மேற்கொள்ளும். அவற்றுக்கு அளவு தெரியாது. விளைவாகக் குடலிலிருந்து கல்சியம் மிகையாகக் குருதியிற் சேரும். தாகம், மலச்சிக்கல், மயக்கம், சிறுநீரகக் கல் என்பன தொடரும். நோயாளர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நிலை நேர்கின்றது. மருந்தகத்திற் கொடுத்த குளிசைகள் அவரை ஏன் வருத்தின என்பது இப்போது விளங்கிற்று. நீரை நிறையக் குடிக்க வேண்டும், கல்சியக் குளிசைகளைத் தொடலாகாது, வெயிலில் நிற்கலாகாது என வைத்தியர் பணித்தார்.

கணக்கப்பிள்ளை இவ்விளக்கத்தைக் கூர்ந்து கேட்டார். பின்னர், "எங்கட தொழில்லயும் சுண்ணாம்புதான் முதல்ல படியும் ஐயா. அத வேற பாத்தியில விட்டுட்டுத்தான் உப்புக்குத் தண்ணி எடுப்பம். எனக்குள்ள அந்தப் பாத்தி உடைஞ்சு போச்சு போல" என்றாராம். நோயின் நுட்பத்தைத் தம் தொழிலின் மொழியில் விளங்கிக்கொண்ட அம்மனிதருக்கு, அத்தொழிலே விலக்கப்பட்டமையே கொடுமை. முப்பது ஆண்டுகளாகத் தமக்குச் சோறிட்ட வெயிலைக் கண்டு அவர் முதன்முறையாக அஞ்சினார். அவ்வாண்டு ரமழானும் அவருக்குச் சோதனையாயிற்று. பகல் முழுவதும் நீரருந்தாதிருத்தல் அவருடைய சிறுநீரகத்துக்கு ஆபத்து. நோயாளருக்கு நோன்பிலிருந்து சலுகை உண்டென்பதையும், தீராத நோயாளர் விடுபட்ட ஒவ்வொரு நோன்புக்கும் பகரமாக ஓர் ஏழைக்கு உணவளிக்கலாமென்பதையும் மௌலவி எடுத்துரைத்தார். அவர் உணவளித்தார், ஆயினும் நண்பகலில் வீட்டின் உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டே நீரருந்தினார்.

சிகிச்சைக்குப் பிறெட்னிசொலோன் என்னும் ஸ்ரெரொயிட் மருந்தே முதன்மையானது. அஃது எழுச்சியை அடக்கும், கல்சியத்தைத் தாழ்த்தும், தினவும் காய்ச்சலும் தணியும். ஆனால் காசநோய் மறைந்திருப்பின் அதனைத் தட்டி எழுப்பிவிடும். வைத்தியர்கள் அம்மருந்தைத் தொடங்க மாதக்கணக்கில் தயங்கியதன் காரணம் இதுவே. நோயாளர் தாமதமென்று நொந்துகொண்டது உண்மையிற் கவனமாகும். மருந்து அவருடைய குருதியில் வெல்லத்தை ஏற்றிற்று; எலும்பை நலிவித்தது; முகத்தைப் பூரண சந்திரன் போலாக்கிற்று. ஊரார் அம்முகத்தைக் கண்டு, "நானா இப்ப நல்லா உடம்பு வெச்சிட்டாரு" என மகிழ்ந்தனர். மெலிந்தபோது குடிகாரர் என்றவர்களே வீங்கியபோது சுகமடைந்தவர் என்றனர்.

எனினும், ஈரலிற் கல்சியமும் தினவும் தணிந்தாலும், முன்னரே விழுந்த தழும்பை ஸ்ரெரொயிட் மருந்தால் அழிக்க முடியாது. 2017ஆம் ஆண்டில் வயிற்றில் நீர் கட்டிற்று. பண்டை வைத்தியர் மகோதரம் என்று வழங்கியது இதனையே. சிறுநீரைப் பெருக்கும் குளிசைகளோடு இன்னொரு விலக்கும் வந்தது: உப்பு. சோறும் கறியும் உப்பின்றி ஆக்கப்படல் வேண்டும், கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது. எத்தனையோ ஆயிரம் மூடை உப்பைக் கணக்கெழுதியவரின் தட்டில் ஒரு சிட்டிகை உப்புக்கு இடமில்லாது போயிற்று. அதனை அவர் முறையிடவில்லை, சிரித்தார். வெயிலை இழந்தபோது வராத சிரிப்பு அது.

அதே ஆண்டில் ஓரிரவு அவர் இரத்த வாந்தி எடுத்தார். ஈரலில் வழி அடைபட்ட குருதி, உணவுக்குழாயின் அடியில் உள்ள நாளங்களைப் புடைக்கச் செய்து, அவற்றுள் ஒன்று வெடித்திருந்தது. கொழும்புப் பக்கத்து வைத்தியசாலையொன்றில் அந்நாளங்களை இறப்பர் வளையங்களால் முடிந்து குருதியை நிறுத்தினர். இராகமையில் ஈரல் நோய்க்கெனச் சிறப்பு மையம் அமைந்து, ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையும் இந்நாட்டில் இடம்பெறும் காலத்தில் அவர் நோயுற்றமை நற்பேறே. அவ்விறுதி நிலை அவருக்கு இன்னும் நேரவில்லை.

அவ்வாட்டிலேதான் அவருடைய வாழ்வின் பெரிய கணக்கொன்று திருத்தப்பட்டது. அங்கிருந்தோரிற் பலர் மதுவால் ஈரல் கெட்டவர்கள். முதல் நாள் அவர் அவர்களோடு பேசவில்லை. தாதியர் கேட்கும்படி, "நான் இவங்களப் போல இல்ல" என்றும் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிலாபக் கரையோரத்து மீனவர். வயிறு ஊதி, கைகால்கள் குச்சியாகிப்போன மனிதர். இரண்டாம் இரவில் கணக்கப்பிள்ளைக்கு மீண்டும் குருதி பெருகியபோது, எழுந்து நிற்கவும் இயலாத அம்மீனவரே கட்டிலைப் பற்றித் தள்ளாடி வந்து, அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, வாட்டு முழுவதும் அதிரத் தாதியை அழைத்தார். "பயப்படாதீங்க நானா, நான் புடிச்சிருக்கன்" என்று ஓயாது சொல்லிக்கொண்டிருந்தார். குருதி அவருடைய சாரத்தையும் நனைத்தது.

மூன்று மாதங்கள் கழித்துக் கிளினிக்குக்குச் சென்றபோது அம்மீனவரைக் காணவில்லை. வினவியபோது அவர் காலமாகிவிட்டதாகத் தெரிந்தது. அன்று புதிய வைத்தியர் ஒருவர் வழமைபோல், "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். கணக்கப்பிள்ளை, "இல்லை" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். தம் தூய்மையை நிறுவுவதற்கு ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவருக்கு அன்று தேவைப்படவில்லை. தம்மேல் வீசப்பட்ட பழி பொய்யென்பதற்காக வருந்தினாரேயன்றி, மெய்யாக அதற்குரியவன் படும் வேதனையும் வேதனையே என்பதைத் தாம் ஒருபோதும் எண்ணியதில்லை எனப் பின்னர் இளைய மகளிடம் கூறினார். பொய்ப் பழியால் துன்புறும்போது, 'நான் அவனல்லன்' என்று கூவுவது மனித இயல்பு. அக்கூவலில், 'அவனாயிருந்தால் இத்துன்பம் தகும்' என்ற தீர்ப்பும் மறைந்திருப்பதை நாம் எளிதிற் கவனிப்பதில்லை.

மூத்த மகளின் திருமணம் வேறிடத்தில் நிறைவேறிற்று. தேநீர்க் கடையில் அவருடைய கோப்பை மற்றைக் கோப்பைகளோடு கலந்துவிட்டது. கலந்தது எந்நாளென எவருக்கும் நினைவில்லை. அக்கடையில் எவரேனும் இன்னொருவனைப் பற்றிக் "குடிச்சு ஈரலக் கெடுத்துக்கிட்டான்" என்று பேசத் தொடங்கினால், "வருத்தம் வந்திருக்கு, போய்ப் பாத்திட்டு வாங்க" என்பதோடு கணக்கப்பிள்ளை பேச்சை முடித்துவிடுவார்.

அவர் இன்றும் உப்பளத்துக்குச் செல்கின்றார். அஸர்த் தொழுகையின் பின், வெயில் தணிந்து நிழல் நீளும் வேளையில், முழுக்கைச் சட்டையும் குடையுமாக வரம்பில் நடப்பார். மானியை இப்போது ஓர் இளைஞன் பிடித்துப் பார்த்துப் பாகையைச் சொல்ல, அவர் குறித்துக்கொள்வார். கிடுகு வேய்ந்து மூடிய உப்புக் குவியல்களின் அருகே சற்று நின்று எண்ணிக்கையைச் சரிபார்ப்பார். மஃரிபு பாங்கு ஒலிக்கும்போது கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு, இருட்டுமுன் வீடு திரும்புவார். அங்கே உப்பில்லாத கஞ்சியை மனைவி ஆற்றி வைத்திருப்பார்.